உப்புக் கரிக்கும் பிள்ளைக்காக நடக்கப் போறவர்களுக்கு

மட்டக்களப்பில் ஒரு குடும்பம் சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ள தங்கட பிள்ளைக்காக நடைபவனிக்கு ஆள் சேர்த்து, "எங்களோட நடக்க வாங்க" என்று கூப்பிட்டால் கட்டாயம் போங்க. ஆனால் நோயைத் தெரிந்துகொண்டு போங்க.

ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது இது. உடம்புக்குள் உப்பும் நீரும் போய்வரும் வழி கெட்டு, சளி பசைபோல் தடித்து நுரையீரலில் தேங்கும். பெரும்பாலானவர்களுக்குக் கணையக் குழாய் அடைபட்டு, கொழுப்புச் சாப்பாடு செமிக்காது. வியர்வையில் உப்பு மிதமிஞ்சி வெளியேறும். நெற்றியில் கொஞ்சினால் கரிக்கும்.

குடியை, அதாவது குலத்தை, தாய்வழியாகப் பார்க்கும் நம்மூரில் "தாயின் குடியில் இருந்து வந்த வருத்தம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்க. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று பழுதான பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். இருவரும் காவிகளாக, அதாவது நோய் இல்லாமல் பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பழி சுமந்த தாயின் பக்கத்தில் நின்று இதைச் சொல்வது, உண்டியலில் போடும் காசைவிடப் பெரிய உதவி.

தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் காசை அனுப்பிவிட்டு வீட்டில் நில்லுங்க. நமக்கு நாலு நாள் சளி, அந்தப் பிள்ளைக்கு வைத்தியசாலைக் கட்டில். இதே நோயுள்ள இன்னொரு பிள்ளை வந்தால், இரண்டையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. ஒருவரின் நுரையீரல் கிருமி மற்றவருக்குத் தொற்றலாம், பிறகு போகாமலே தங்கிவிடலாம். வெளியிடத்திலும் ஆறடிக்குக் குறையாத இடைவெளி வேணும்.

வெயில்தான் அடுத்த எதிரி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாள் வைக்காதீங்க. காலை ஆறுக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியட்டும். களைத்த பிள்ளைக்கு இளநீரை நீட்டுவது நம் வழக்கம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இந்தப் பிள்ளை இழப்பது சோடியத்தை. ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளை, அதன் பைக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்து வைத்திருங்க. எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தாயிடம் கேளுங்க, வைத்தியர் சொன்ன அளவு அவருக்குத் தெரியும்.

முடிவில் ரோல்ஸ், வடை கொடுப்பீங்க. சாப்பாட்டைச் செமிக்க வைக்கும் நொதிக் குளிசை போடாமல் அந்தப் பிள்ளை ஒரு கடியும் கடிக்கக் கூடாது, வயிற்றுவலிதான் மிஞ்சும். "ஒன்றும் ஆகாது, சாப்பிடு மகன்" என்று வற்புறுத்தாதீங்க. குளிசைப் போத்தலை வேனுக்குள் விட்டுவிட்டும் நடக்காதீங்க. சூட்டில் நொதி செத்துவிடும்.

சேரும் காசு எதற்கு என்று முதலே பேசிக்கொள்ளுங்க. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கலவைக்கு அங்கே ஆண்டு விலை மூன்று லட்சம் டொலருக்கு மேல். எல்லா மரபணுப் பழுதுக்கும் அது பொருந்துவதும் இல்லை. ஒரு நடையால் அதை வாங்கலாம் என்று பெற்றோருக்கு ஆசை காட்டுவது கொடுமை. நொதிக் குளிசை, நெபுலைசர் பாகங்கள், பரிசோதனைக்குக் கொழும்பு போய்வரும் செலவு, இவற்றுக்கு உதவலாம். டீசேட் அடிக்காமல் விட்டால் அந்தக் காசும் இதற்கே சேரும். பிள்ளையின் படத்தைப் பேனரில் போடவே வேண்டாம்; நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகணும்.

இன்னொன்று. விடியப்புறம் நெபுலைசர் பிடித்து, நெஞ்சிலும் முதுகிலும் தட்டிச் சளி எடுத்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் நாள் தொடங்கும். ஆறு மணிக்கு வந்து நிற்கச் சொன்னால் நாலரைக்கே எழுப்பணும். நீங்க காந்திப் பூங்காவில் இருந்து நடந்து வாங்க. பிள்ளை ஆறுதலாக வந்து கல்லடிப் பாலத்தடியில் சேர்ந்துகொள்ளட்டும்.