பதினாலாம் வசனத்தைக் கத்தரித்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். வீடியோ எல்லார் கைக்கும் வந்தாயிற்று, திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சபையின் கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்ட ஒரு தம்பிக்கு மேடையிலிருந்து பதிலாகக் கிடைத்தது ஒரு வேத வசனம், ஊழியக்காரரைக் கேள்வி கேட்காதே என்கிற அர்த்தத்தில்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." அத்தோடு மைக் ஆஃப். கூட்டம் ஆமென் என்றது. மைக்கை விட அந்த ஆமென்தான் தூங்கவிடவில்லை.

சங்கீதம் 105, 15ஆம் வசனம். சரி ஐயா, 14 எங்கே போயிற்று? "அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு" என்று இருக்கிறதே. திட்டு வாங்குவது ராஜாக்கள்! அந்த "அவர்கள்" யார் என்பதும் 12ஆம் வசனத்தில் இருக்கிறது: சொற்ப ஜனங்கள், பரதேசிகள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கிணறு வெட்டினால் ஊர்க்காரன் வந்து மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டுப் போகிற நிலைமையில் இருந்தவர்கள். ஆதியாகமம் 20இல் கேராரின் ராஜா அபிமெலேக்கு ஆள் அனுப்பி ஆபிரகாமின் மனைவி சாராளை அழைப்பித்துக்கொள்கிறான். அன்று ராத்திரி சொப்பனத்தில் அவனுக்குக் கிடைத்த மிரட்டலைத்தான் சங்கீதக்காரன் பாட்டாக்கியிருக்கிறான். ஆபிரகாம் தலையில் யாரும் தைலம் ஊற்றவில்லை, அவனுக்குப் பதவியும் இல்லை. ஆக, அதிகாரம் உள்ளவனைப் பார்த்து, இல்லாதவன் மேல் கை வைக்காதே என்கிற வசனம் இது. அன்று மேடையில் மைக் யார் கையில் இருந்ததோ அவரைப் பார்த்துச் சொன்னது. நாம் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் 15ஐ மட்டும் மனப்பாட வசனமாகக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தால் இப்படித்தான் ஆகும்.

"தாவீது சவுலைத் தொடவில்லையே பிரதர்?" வரும் என்று தெரியும். தன்னைக் கொல்லத் துரத்திய, அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா சவுலைத் தாவீது தொடவில்லை, அதாவது கொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. என்கேதிக் குகையை விட்டு வெளியே வந்து, சவுல் கூட்டிவந்த 3000 பேர் இருக்கிற இடத்தில், "உம்முடைய சால்வையின் தொங்கலைப் பாரும்" என்று, குகைக்குள் சவுலுக்குத் தெரியாமல் அறுத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாக நியாயம் கேட்கிறான். அத்தாட்சியோடு கேட்கிறான். கர்த்தர் நம் நடுவில் நியாயம் விசாரிக்கட்டும் என்கிறான். இதை வைத்து யாராவது பிரசங்கம் பண்ணுங்களேன், முன் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். யாத்திராகமம் 38ஐத் திறந்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்துக்குத் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி (சேக்கலும் தாலந்தும் அந்தக் கால எடைகள்). எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். பாதியாக்கினால் 3,01,775 சேக்கல். 3000 சேக்கல் ஒரு தாலந்து என்றால் 100 தாலந்து போக மிச்சம் 1775. வசனத்தில் இருப்பதும் 100 தாலந்து, 1775 சேக்கல். ஒரு சேக்கல் கூடவில்லை, குறையவில்லை. வரவு மட்டுமா? செலவும் இருக்கிறது. கூடாரத்தைத் தாங்கும் பாதங்கள், அதாவது அடிப்பீடங்கள் 100, பாதத்துக்கு ஒரு தாலந்து. அந்த 1775 சேக்கல், தூண்களின் கொக்கிகளுக்கும் குமிழ்களின் தகட்டுக்கும் பூண்களுக்கும். அந்தச் சில்லறை எங்கே போனது என்று நாளைக்கு ஒருவன் கேட்பான் என்று தெரிந்து எழுதியது போல இருக்கிறது. எழுதச் சொன்னது மோசே, பொறுப்பில் இருந்தது ஆரோனின் மகன் இத்தாமார். மலைமேல் நாற்பது நாள் கர்த்தரோடு இருந்துவிட்டு வந்த மனுஷன் கொக்கிக்குக் கணக்குக் காட்டுகிறான். நமக்கு டைல்ஸ் பில்லைக் கேட்டால் சாபம்.

பணம் எங்கே கசியும் என்பதும் வேதத்தில் இருக்கிறது. 2 இராஜாக்கள் 12. ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை ஆசாரியர்களே வாங்கி, அவர்களே செலவழிக்கட்டும் என்று யோவாஸ் ராஜா விட்டிருந்தான். அவனுடைய 23ஆம் வருஷம் வரைக்கும் பழுது அப்படியே கிடந்தது. திருடினார்கள் என்று வசனம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற கையும் செலவழிக்கிற கையும் ஒன்றாக இருந்தது. ராஜா அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபிறகு என்ன நடந்தது? ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் ராஜாவின் ஆள் ஒருவன், பிரதான ஆசாரியன் ஒருவன், இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டுகிறார்கள். அங்கிருந்து தச்சருக்கும் கொத்தருக்கும் போகிறது. உண்டியல் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும் என்று எந்தக் கமிட்டியிலாவது சொல்லிப் பாருங்கள், நீங்கள் விசுவாசத்தில் குறைந்தவர்.

அதே அதிகாரம் 15ஆம் வசனத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார்: "உண்மையாய் நடந்ததால் கணக்குக் கேளாதிருந்தார்கள் என்று இருக்கிறதே!" இருக்கிறது. யாரிடம்? வேலைக்காரர்களுக்குப் பட்டுவாடா செய்த மேற்பார்வையாளரிடம். எப்போது? இரண்டு பேர் எண்ணிக் கொடுத்த பிறகு. கூலி கொடுக்கிறவனை நம்பினார்கள், ஆசாரியனுக்குப் பெட்டி வைத்தார்கள்.

அப்புறம் கோராகு, மோசேக்கு எதிராக எழும்பி அழிந்துபோனவன். போன பதிவின் கீழே என்னையே "கோராகின் ஆவி" என்று எழுதியிருந்தார்கள். இதயக் குறி வேறு போட்டிருந்தார்கள், நல்லது. எண்ணாகமம் 16 லேசான அதிகாரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பூமி வாயைத் திறக்கிறது, வாதையில் மட்டும் 14,700 பேர் சாகிறார்கள். சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள் என்று கோராகு சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்கும் உறுத்தும். ஆனால் அவன் கேட்டது ஆசாரிய பட்டம், 10ஆம் வசனத்தில் மோசே வெளிப்படையாகச் சொல்கிறான். கணக்கு இல்லை. கணக்குப் பேச்சை எடுத்தவன் மோசே! "நான் அவர்களுடைய ஒரு கழுதையை முதலாய் எடுத்துக்கொள்ளவில்லை" என்று யாரும் கேட்காமலே கர்த்தருக்கு முன்பாகச் சொல்கிறான். கோராகின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் முதலில் அந்தக் கழுதை வசனத்தைத் தங்கள் வாயால் சொல்லட்டும்.

ராஜாக்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குதிரை சேர்க்காதே, பெண்களைச் சேர்க்காதே, வெள்ளி பொன் மிகுதியாகச் சேர்க்காதே, நியாயப்பிரமாணத்தை எழுதி வைத்துத் தினம் வாசி: உபாகமம் 17. சாலொமோன் மூன்றையும் மீறினான். ராஜாவுக்கே வரம்பு போட்ட புத்தகம் இது.

எல்லாவற்றுக்கும் மேலே தீர்க்கதரிசி சாமுவேல். ராஜா வந்தால் என்ன ஆகும் என்று 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறபோது ஒரே பல்லவி: எடுப்பான், எடுப்பான். குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயலை எடுப்பான். 12ஆம் அதிகாரத்தில் அதே சொல்லைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறார். நரைத்த தலையோடு சபைக்கு முன் நின்று, "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?" என்று கேட்கிறார். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா சவுல் பக்கத்தில் சாட்சியாக நிற்கிறான். ஜனங்கள் பதில் சொல்கிறார்கள், நீர் எடுக்கவில்லை என்று. சவுலுக்கும் தாவீதுக்கும் தைலம் ஊற்றிய கை அது. அவர் மைக்கை அணைக்கவில்லை.

அந்தத் தம்பி கேட்டதும் இவ்வளவுதான் ஐயா. மரியாதையாகத்தான் கேட்டான், வீடியோவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள். மூன்று நாளாகிறது. கணக்கு நோட்டு இன்னும் வரவில்லை. வசனம் மட்டும் வாட்ஸப்பில் எனக்கு நாலு தடவை வந்துவிட்டது, நாலு தடவையும் 15 மட்டும்.