டவ்டெயில் லூஸா இருந்தா பிட்டை ஏத்தணுமா?

டவ்டெயில்னா ஒரு பலகையோட விசிறி மாதிரி பல்லு இன்னொரு பலகையோட குழியில மாட்டுற மர இணைப்பு; ஒரு பக்கம் மட்டும் தெரியுறது ஹாஃப் பிளைண்ட். அதை ஜிக்ல (வெட்டுக்கு வழிகாட்டுற சட்டம்) வெட்டி லூஸா இருந்தா, ரவுட்டர் (மரம் குடையுற மெஷின்) பிட் ஆழத்தைக் குறைக்கணும்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். நம்ம கடலூர், பாண்டி பட்டறைக்காரங்க சிலரும் அதையே பகிர்றாங்க. மன்னிக்கணும், அது நேர்மாறு. லூஸா இருந்தா ஆழம் கூட்டணும், டைட்டா இருந்தா குறைக்கணும். (ரெண்டு பலகையையும் ஒரே பிட்ல சேர்த்து வெட்டுற ஜிக்குக்குத்தான் இது.)

பிட் நுனியில அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். ஆழமா இறக்கினா விளிம்புல வெட்டு குறுகும், பல்லு அந்த அளவுக்குப் பருக்கும். குழியோட அகலம் மாறாது, அதனால இணைப்பு இறுகும்.

சந்தேகம்னா அதே கனத்துல ரெண்டு துண்டுப்பலகை எடுத்து, ஒண்ணை இப்ப இருக்கிற ஆழத்துலயும் இன்னொண்ணை அரை மி.மீ. கூட்டியும் வெட்டுங்க. பல்லோட அகலமான முனையை வெர்னியர்ல அளந்தா, 14 டிகிரி சரிவுள்ள பிட்டுக்கு கால் மி.மீ. வித்தியாசம் காட்டும். பிட்டைத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க.