அம்மா சுற்றிய மலை

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாத் தமிழர்கள் எல்லோரும் போடுகிற பட்டியல்தான் எங்களுடையதும்: கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், மியூர் வுட்ஸ். மியூர் வுட்ஸ் காட்டில் ரெட்வுட் மரங்களை அண்ணாந்து பார்த்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். இந்த முறை வண்டி நிறுத்த முன்பதிவு செய்ய மறந்துவிட்டேன். 2018இலிருந்து அது கட்டாயம் என்று தெரிந்தும்தான். வண்டியில் புளியோதரை, தயிர்சாதம், முட்டி வலிக்காரி அம்மா. திரும்பிப் போக மனமில்லாமல் மேலே ஏறுகிற ரோட்டில் விட்டேன்.

அப்படித்தான் டாமல்பைஸ் மலை மாநிலப் பூங்காவை ஒழுங்காகப் பார்த்தேன், இங்கே வந்து பத்து வருடம் கழித்து. மியூர் வுட்ஸைச் சுற்றி வளைத்துக் கடல்வரை இறங்குகிற 6,300 ஏக்கர். உள்ளூர்க்காரர்களுக்குச் செல்லமாக டாம்.

கிழக்கு உச்சி 2,571 அடி. கிட்டத்தட்ட அண்ணாமலை உயரம்தான் என்றேன். அம்மா போளூர்க்காரி, விடுவாளா? உச்சிப் பாறையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு நடைபாதை போகிறது, ஏற்றமே இல்லாத பாதை. "வலமா சுத்தணும்டா" என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கீழே கடல் மூடுபனி வெள்ளமாகப் பரவியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கட்டிட முனைகள் மட்டும் அதிலிருந்து எட்டிப் பார்த்தன. வழியில் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்துவிட்டு என் மூக்கருகில் நீட்டினாள். தைலம் மாதிரி ஏறியது. கலிபோர்னியா பே மரம், நம் பிரியாணி இலைக்குச் சொந்தம். இரண்டு இலை அவள் கைப்பைக்குள் போனது. பூங்காவில் இலை பறிக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், சரி விடுங்கள்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. 1965 அக்டோபரில் கேரி ஸ்னைடர், ஆலன் கின்ஸ்பர்க், பிலிப் வேலன் என்று மூன்று கவிஞர்கள் இந்த மலையை நிஜமாகவே கிரிவலம் வந்திருக்கிறார்கள். மியூர் வுட்ஸில் தொடங்கி, மலையை வலமாகச் சுற்றி, பத்து இடங்களில் நின்று இந்து, பௌத்த மந்திரங்கள் சொல்லி, சுமார் 24 கிலோமீட்டர். இன்றைக்கும் வருடத்துக்கு நாலு தடவை, பருவம் மாறும் சமயங்களில், ஒரு கூட்டம் அதே சுற்றை நடக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த இடங்களை நாம் "மனிதக் கால் படாத இயற்கை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுத்தப் பொய். கோஸ்ட் மிவோக் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்த பகுதி இது, மலையின் பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். (மலை ஒரு பெண் படுத்திருப்பது போலத் தெரிவதற்கு ஒரு "பழங்குடிக் கதை" சொல்வார்கள். அது 1921இல் இங்கே போட்ட ஒரு நாடகத்தால் பரவியது.) 1896இல் அடிவாரத்து ஊரான மில் வேலியிலிருந்து மேலே ரயிலே விட்டார்கள், 281 வளைவுகளோடு. உச்சியில் விடுதி. இறங்கும்போது எஞ்சின் கிடையாது. ஒரு ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, பெட்டி தானாக உருண்டு மியூர் வுட்ஸ்வரை போகும். 1929 காட்டுத்தீயும் மோட்டார் காரும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. 1930இல் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். தடம் மட்டும் மிச்சம், இன்று நடப்பதற்கு அதைவிடச் சுகமான பாதை இல்லை.

பூங்கா வந்த கதையும் அப்படித்தான். ஞாயிறுதோறும் படகு ஏறி வந்து இந்த மலையில் நடந்த நகரத்து ஜனங்கள் 1912இல் ஒரு சங்கம் வைத்தார்கள். நிலம் வீட்டுமனையாகிவிடும் என்று பயந்து, பணம் திரட்டி, அரசை நச்சரித்து, 1928இல் மாநிலப் பூங்காவாக்கினார்கள். இங்கே நிலம் வைத்திருந்த வில்லியம் கென்ட் என்பவர் ஸ்டீப் ரவைன் பள்ளத்தாக்கைக் கொடுத்தார். மியூர் வுட்ஸை விலைக்கு வாங்கி, அணைக்காகப் பறிபோக இருந்த காட்டை 1908இல் நாட்டுக்கே கிடைக்கச் செய்தவரும் அவர்தான். நல்ல மனிதர், கைதட்டலாம் என்று பார்த்தால், ஆசியர்கள் இந்த நாட்டில் குடியேறுவதை வெளிப்படையாக எதிர்த்த அரசியல்வாதி. அவர் பாதுகாத்த மலையில் உட்கார்ந்து நாங்கள் புளியோதரை சாப்பிட்டோம். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

சாப்பிட்டது மலை நாடக அரங்கில். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு கொடுத்த வேலையில் எழுந்த கல் படிக்கட்டுகள் அவை. ஒவ்வொரு கல்லையும் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள், தானாக முளைத்த பாறை போல இருக்கவேண்டும் என்று. 1913இலிருந்து இந்த மலையில் நாடகம் நடக்கிறது.

ஒரு இடம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. உண்மையில் மலையின் உயரமான சிகரமாக இருந்தது மேற்கு உச்சிதான், அப்போது 2,604 அடி. 1950களில் விமானப்படை ரேடார் தளம் வைக்க அதன் தலையைச் சீவித் தட்டையாக்கியது. தளம் 1980 வாக்கில் மூடப்பட்டது, சீவிய தலை சீவியதுதான். பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே, தண்ணீர் நிர்வாகத்தின் நிலம் அது. கிழக்கு உச்சி முதலிடம் பிடித்தது இப்படித்தான்.

அதனால் அடுத்த முறை பெற்றோர் வந்தால் மியூர் வுட்ஸோடு நிறுத்தாதீர்கள். முட்டி நன்றாக இருப்பவர்கள் ஸ்டீப் ரவைனில் ஓடையோடு இறங்குங்கள். நடுவில் ஒரு மர ஏணியைப் பிடித்து இறங்கவேண்டியிருக்கும், ஜாக்கிரதை. முடியாதவர்களுக்கு அம்மா சுற்றிய பாதை இருக்கிறது.

நான் செப்டம்பரில் கவிஞர்கள் நடந்த அந்தப் பெரிய சுற்று போகிறேன். போனில் சொன்னேன். "பத்து எடமா? நம்மூர்ல எட்டு லிங்கந்தானே" என்றாள். அப்புறம், "வழியில சுக்கு காப்பி கெடைக்குமா?"

கிடைக்காது. வழியில் பான்டோல் என்ற இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அவ்வளவுதான்.