மூன்று முறையும் வேறு எண் வந்தால் பிபி மெஷின் பழுது என்று அர்த்தமில்லை

“அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தேன், மூன்றும் வேறு வேறு எண். வீட்டு பிபி மெஷினை நம்பவே கூடாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. ரத்த அழுத்தமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முதல் அளவு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து சராசரி எடுக்கச் சொல்கிறார்கள்.

பல வீடுகளில் உண்மையான சிக்கல் கையில் சுற்றும் பட்டைதான். எங்கள் அம்மாவுக்கு நாங்களே சின்னப் பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தோம். பட்டை சிறியதானால் எண் பொய்யாக ஏறும். தையல் டேப்பால் மேல்கையின் நடுச் சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சே இல்லாமல் அளக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்கள் தாறுமாறாக வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாவிட்டாலும் அப்படி வரும். போகும்போது மெஷினையும் எடுத்துப்போய், அங்கிருக்கும் கருவியோடு சரிபார்த்துவிடுங்கள்.