எர்லி ஆக்சஸ் என்றால் மலிவு என்று விதி இல்லை

கேம் முழுமையாகும் முன்பே அதை விற்பனைக்கு விடுவதுதான் எர்லி ஆக்சஸ்; ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையக் கடை. "எர்லி ஆக்சஸில் வரும் கேமைக் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும், அது ஸ்டீம் விதி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு விதியே கிடையாது. விலையை வைப்பது தயாரிப்பாளர். வேறு கடையில் கேட்பதைவிட ஸ்டீமில் அதிகம் கேட்கக் கூடாது என்பதுதான் அங்குள்ள எதிர்பார்ப்பு.

மைன்கிராஃப்ட் விலை படிப்படியாக ஏறியது உண்மை: ஆல்ஃபாவில் (ஆரம்பக்கட்டச் சோதனைப் பதிப்பு) 9.95 யூரோ, பீட்டாவில் (அதற்கு அடுத்த சோதனைப் பதிப்பு) 14.95, 2011 நவம்பரில் முழுமையாக வந்தபோது 19.95. ஆனால் பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபரில் கதையின் முதல் பாகம் மட்டும் இருந்தபோதே 60 டாலர். 2023இல் முழுமையானபோதும் அதே 60.

பிளானட்டரி அனைஹிலேஷன் இன்னும் தலைகீழ். 2013இல் ஆல்ஃபாவுக்கு 90 டாலர் கேட்டார்கள்! மக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கிட்டத்தட்ட அந்தத் தொகை கொடுத்து ஆல்ஃபா வாய்ப்பைப் பெற்றவர்களுக்கு அநீதியாகிவிடக் கூடாது என்பது காரணம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பீட்டா வந்ததும் விலை இறங்கியது.