பெடியனைக் கலைச்சாச்சு, இனி எல்லாம் சரியோ?

நேற்று முழுக்க இங்க, பள்ளிக்கூடத்தால கலைச்ச அந்தப் பெடியன்ர படம்தான். முகத்தை மறைச்சுப் போட ஒருத்தருக்கும் மனம் வரேல்ல. புத்தகப்பையில போதை மாத்திரை பிடிபட்டதாம், விலகல் பத்திரம் குடுத்து அனுப்பியாச்சாம், கீழ "சரியான முடிவு" எண்டு வரிசையாக் கைதட்டல். நல்லது. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு அவன் எங்க நிப்பான் எண்டு தட்டின ஆராவது யோசிச்சியளே?

விக்கிறவன் தேடுறதே இப்பிடி ஒருத்தனைத்தான். பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில ஏச்சு, கையில காசில்லை. முதல் சும்மா குடுப்பான், பிறகு கடனுக்கு, பிறகு "இதை அங்க கொண்டுபோய்க் குடு, கடன் கழியும்". நீங்கள் கலைக்கிறியள், அவன் ஆள் எடுக்கிறான்.

"அப்ப மற்றப் பிள்ளையள் கெடட்டுமோ?" எண்டு வருவியள். வித்தவன் எண்டால் பொலிஸ் பாக்கட்டும். பாவிக்கிறவனுக்கு வைத்தியம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவைதான் இங்க தீர்ப்புச் சொல்லீனம்.

பெடியள் போதைக்குப் போடுற பிரிகாபலின் எண்ட மாத்திரை, நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் டொக்டர்மார் எழுதுற மருந்து. அளவுக்கு மிஞ்சிப் போட்டா தள்ளாட்டம், நாக்குக் குழறும், நித்திரை தூங்கும். ஆனா மணமில்லை, அதால வகுப்பில பிடிபடாது. "பாமசியில சிறுநீர் சோதிக்கிற பட்டி வாங்கிச் சோதிச்சம், ஒண்டும் இல்லை" எண்டு நிம்மதியா இருக்கிற பெற்றோரே, சாதாரண சிறுநீர்ப் பட்டி உதைக் காட்டாது. ஹெரோயினும் ரெண்டு மூண்டு நாளுக்குப் பிறகு அநேகமாக் காட்டாது. வெள்ளி பின்னேரம் பாவிச்சவன் செவ்வாய்க்கிழமை சுத்தம்! நாளாந்தம் கஞ்சா அடிக்கிறவனுக்குத்தான் கிழமைக்கணக்கில நிக்கும்.

போதையை விடவைக்கப் பிள்ளையை அறையில போட்டுப் பூட்டுறவை இன்னொரு பகுதி. கனநாள் பிரிகாபலின் போட்டவன் சடாரெண்டு நிப்பாட்டினா வலிப்பு வரலாம், டொக்டரிட்டக் காட்டிக் குறைச்சுக் குறைச்சுத்தான் விடவேணும். ஹெரோயின் எண்டால் கடைசியா எடுத்து 6 இலிருந்து 12 மணித்தியாலத்தில உடம்பு முறிப்பு, மூக்கால ஓட்டம், வயித்தோட்டம் தொடங்கும். தாய் காய்ச்சல் எண்டு பனடோல் குடுப்பா. ரெண்டாம் மூண்டாம் நாள்தான் உச்சம். உண்மையான ஆபத்து பிறகு: ஒரு மாசம் விட்டவன் திரும்பப் பழைய அளவைப் போட்டா மூச்சு நிண்டிடலாம்.

சூதாட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதின ஆள் இல்லை. மணம் இல்லாத போதை, ஆருக்கு உறைக்கும்? தெரிஞ்ச வீடொண்டில சின்னம்மா கனடாவில இருந்து அனுப்புற காசு தாயின்ர கணக்குக்கு வரும், காசு எடுக்க வங்கி அனுப்புற ஓரிபி (ஒருமுறை இலக்கம்) பெடியன்ர போனுக்கு. ஐபிஎல் கிரிக்கெட்டில பந்துக்குப் பந்து பந்தயம் கட்டினவன். பந்தயம் நடத்துறவை போனஸ் எண்டு குடுக்கிற காசை எடுக்கிறதெண்டால் அதைப்போலப் பல மடங்கு கட்டி முடிக்கவேணும், அதுக்கிடையில எல்லாம் போயிடும். போனதை மீட்க இன்னும் கட்டுவினம். தாய் சங்கிலியை அடகு வச்சுக் காசை அவன்ர கையிலயே குடுத்தா. அதையும் கட்டினான்.

கையில குடுக்கக்கூடாது. "ஏன் செய்தனி" எண்டு கத்தாமல், ஆருக்கு எவ்வளவு எண்டு எழுதி வாங்குங்கோ. கடன் குடுத்தவனுக்கு நேரா, கொஞ்சங் கொஞ்சமாக் கட்டுங்கோ. ஓரிபியை உங்கட போனுக்கு மாத்துங்கோ, வங்கியில நாளாந்த எல்லையைக் குறைப்பியுங்கோ.

"எங்கட காலத்தில உதெல்லாம் இல்லை" எண்டு ரொறன்ரோவில இருந்து எழுதின அண்ணை, வளர்ப்புச் சரியில்லை எண்டு அந்தத் தாயைச் சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது? இலங்கையில 1927 எண்டு தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர தொலைபேசி இலக்கம் இருக்கு. உதைப் போட்டிருந்தா அவவுக்கு உதவி.

அதோட 21 வயசுக்குக் குறைஞ்சவைக்கு சிகரெட்டும் சாராயமும் விக்கேலாது எண்டு 2006 இலேயே சட்டம் வந்திட்டுது. பள்ளிக்கூட வளவுக்கு வெளியில, சந்திக் கடையில, சீருடையோட வாற பெடியளுக்கு ஒவ்வொரு சிகரெட்டா எடுத்து நீட்டுறது எல்லாருக்கும் தெரியும். நேற்று "சரியான முடிவு" எண்டு எழுதினவையில அந்த முதலாளியும் ஒராள்.