ஒலிம்பிக் பதக்கத்தைச் செதுக்கியவர் கிரினாவரா?

ஆஸ்திரியச் சிற்பி எட்வின் கிரினாவர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் வெற்றிப் பதக்கத்தை வடிவமைத்தார், அதற்குப் பரிசாகவே அவருக்குத் தங்கம் தந்தார்கள் என்றொரு தகவல் பகிரப்படுகிறது. பாதிதான் சரி.

வீரர்களுக்குத் தரப்பட்ட அந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே காசியோலி. வியன்னாக்காரரான கிரினாவர் (1893–1964) தங்கம் வென்றதும் உண்மை; ஆனால் அது போட்டியில் வென்றது. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் இருந்தன. 1928-இல் சிற்பப் பிரிவைச் சிலை என்றும், பதக்கம்-புடைப்புச் சிற்பம் என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். அந்த இரண்டாவதில்தான் அவர் செதுக்கிய பதக்கங்கள் முதலிடம் பெற்றன.

இது சின்னக் கலை என்று நினைத்துவிட வேண்டாம். பதக்கமோ, முகம் செதுக்கிய உருவப் பலகையோ, உள்ளங்கை அகல வெண்கலம்தான். சில மில்லிமீட்டர் மேட்டுக்குள் மூக்கும் தாடையும் குணமும் தெரிய வேண்டும். எனக்கு முழுச் சிலையைவிட இதுதான் கடினமாகப் படுகிறது.

அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒன்று: 1948 லண்டனில் பதக்கம்-பலகைப் பிரிவில் அவர் வெண்கலமும் வென்றார். வெள்ளி இன்னொரு ஆஸ்திரியரான ஆஸ்கர் தீடேவுக்கு. தங்கம் யாருக்கும் தரப்படவில்லை.